மண்ணைத் துடைக்காதே

சென்னை,
10-9-1978

அன்புள்ள சிந்தாமணிக்கு,

நீ அனுப்பிய காளான் பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. பேராசிரியர் பார்த்துவிட்டு, "உங்க வீட்டம்மாவே பாதி ஆராய்ச்சிய முடிச்சிடுவாங்க போலிருக்கே" என்றார். பச்சைமலை அடிவாரத்தில் பெண் எடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார்.

இனி ஒவ்வொரு பொட்டலத்திலும் எந்த இடம், மலையில் எவ்வளவு உயரம், மரத்திலா தரையிலா என்று எழுது. நிழலில் உலர்த்து. அடியில் ஒட்டிய மண்ணைத் துடைக்காதே. எந்தக் காளான் எந்த உயரத்தில் வளர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சியே. அது முடிந்ததும் உன்னை இங்கே அழைத்துக்கொள்வேன்.

உன்
சாமிதுரை


அரும்பாவூர்,
2-10-1978

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் கேட்க மறந்துவிட்டீர்கள், அதனால் நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் பாதி மலை வரை ஏறி எடுத்தவை. ஐந்தாம் எண் மரத்தில் காது காதாக ஒட்டியிருந்தது. புற்றில் முளைத்ததை அம்மா குழம்பு வைத்துவிட்டாள், ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

"மாப்ள ஒன்னயக் கட்டுனாரா, மலயக் கட்டுனாரா?" என்று கேட்கிறாள் அம்மா. சிரித்து வைத்தேன்.

இன்னொரு சேதி. எனக்கு மூன்று மாதம். மலை ஏறினால் தலை சுற்றுகிறது. எப்போது வருகிறீர்கள்?

உங்கள் அன்பு மனைவி
சிந்தாமணி


சென்னை,
19-10-1978

அன்புள்ள சிந்தாமணிக்கு,

சேதி அறிந்து மிக்க சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள். விக்கிரமங்கலத்தில் இருக்கும் என் அம்மாவுக்கும் எழுதிவிட்டேன்.

பாதி மலை வரை கிடைத்தது போதும். இனி உச்சியில் உள்ளவைதான் வேண்டும். மழை ஓய்ந்தால் எல்லாம் மக்கிவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். ஒரே ஒருமுறை மெதுவாக ஏறிப் பாரேன்.

உன்
சாமிதுரை


அரும்பாவூர்,
16-11-1978

அன்புள்ள மாமாவுக்கு,

உச்சிக்குப் போனேன். இறங்கும்போது பாறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தேன். பிள்ளை தங்கவில்லை. காளான் கூடையும் பள்ளத்தில் போய்விட்டது. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் அம்மா வந்து இரண்டு நாள் இருந்து எனக்குத் தலை வாரிவிட்டார்கள். "அவன் ஏம்மா வரல?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது? ஒரே ஒரு நாள் வாருங்கள். பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

சிந்தாமணி


சென்னை,
27-11-1978

அன்புள்ள சிந்தாமணிக்கு,

உன் கடிதம் கண்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உடனே கிளம்பத்தான் நினைத்தேன். பேராசிரியர் விடவில்லை. பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறேன்.

மனதைத் தேற்றிக்கொள். சும்மா இருந்தால் அதையே நினைத்துக்கொண்டிருப்பாய். உடம்பு தேறியதும் உச்சிக் காளான் பத்துப் பன்னிரண்டு வகை கிடைத்தால் அனுப்பு.

உன்
சாமிதுரை


சென்னை,
5-8-1980

அன்புள்ள சிந்தாமணிக்கு,

பட்டம் கிடைத்துவிட்டது! நீ போன வருஷம் அனுப்பிய உச்சிக் காளான்களை வைத்து, பச்சைமலை உச்சியில் மட்டுமே வளரும் பதினொரு வகை என்று நான் எழுதியதைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். கல்லூரி வேலையும் கிடைத்துவிட்டது, வீடும் பார்த்துவிட்டேன். இரண்டு பொங்கலுக்கும் வர முடியாமல் போனதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அந்தப் பதினொன்றையும் நேரில் பார்க்க அக்டோபரில் இரண்டு பேராசிரியர்களை அழைத்து வருகிறேன். நீதான் இடம் காட்ட வேண்டும். திரும்பும்போது உன்னைக் கையோடு அழைத்து வருவேன்.

உன்
சாமிதுரை


அரும்பாவூர்,
18-8-1980

திரு. சாமிதுரை அவர்களுக்கு,

வாழ்த்துகள். வீடு பார்த்துவிட்டேன் என்ற ஒரு வரிக்காக இரண்டு வருஷம் தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். இப்போது அந்த வரி வந்திருக்கிறது. எனக்கு வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் மலைப் பக்கமே போகவில்லை. உச்சி என்று எழுதி அனுப்பிய பதினொன்றும் எங்கள் பருத்திக் கொல்லை வேலியிலும் எருக்குழி மேட்டிலும் பறித்தவை. மலை மண் சிவப்பு, கொல்லை மண் கரிசல் என்று மறுவீட்டுக்கு வந்தபோது நீங்களே இரண்டு கையிலும் அள்ளிக் காட்டினீர்கள். பொட்டலத்தைப் பிரித்தால் கறுப்பு மண் தெரியும். "ஏன் ஏறவில்லை, உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். திட்டியாவது எழுதுவீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் கேட்கவில்லை என்றதும் நானும் சொல்லவில்லை. பழிவாங்க இல்லை என்று சொன்னால் பாதி பொய்.

பெரம்பலூரில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இடம் காட்டவும் வர மாட்டேன், சென்னைக்கும் வர மாட்டேன். பேராசிரியர்களோடு நீங்களே ஏறுங்கள். இறங்கும்போது பாறை வழுக்கும்.

மண்ணைத் துடைக்காதே என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றில்கூட நான் துடைக்கவில்லை. பொட்டலங்கள் உங்களிடம்தான் இருக்கும், இன்னொரு முறை பிரித்துப் பாருங்கள்.

சிந்தாமணி