எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படம்

உன் போன் என் மேசைமேல் கிடக்கிறது. நேற்று புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து உன் மனைவி எடுத்து வந்து, திறக்கும் எண்ணையும் சொல்லிவிட்டுப் போனார். நாலு முறை திறந்துவிட்டேன். நாலு முறையும் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

யாரும் உள்ளே பார்க்கக்கூடிய திறமூல மென்பொருள் ஓடும் போனுக்கு என்னை மாற்றியவனே நீதான். "உள்ள என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியணும்டா. இல்லேன்னா அது நம்ம போனே இல்ல" என்பாய். படமெல்லாம் சேறு பூசினாற்போல் வருகிறதே என்று நான் கேட்டதற்குச் சிரித்தாய். "நம்ம மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சா நமக்குத்தான் நஷ்டம் லா." அலுவலகத்தில் கேலி செய்தவர்களிடம் ஆறு வருடம் உன் வாதங்களையே திருப்பிச் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் ஃபேரர் பார்க் சாப்பாட்டுக் கடையில் இந்தப் போனை, எல்லாவற்றையும் பூட்டி வைத்திருக்கும் நிறுவனப் போனை, மேசையில் வைத்தாய்.

"என்னடா இது?"

"கேமரா நல்லாருக்குடா."

"கேமராவுக்காகவா? எனக்கு அவ்வளவு பாடம் எடுத்தியே!"

"ஆமா லா, மனுஷன் மாறக்கூடாதா?"

தேநீரைப் பாதியில் விட்டு எழுந்தேன். அதன்பின் உன் செய்தி எதற்கும் பதில் போடவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மாலை, சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் நீ. கையசைக்கவில்லை, போனை உயர்த்தி என்னை நோக்கிப் பிடித்தாய். சீண்டுகிறாய் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறினேன். அடுத்து வந்தது, நீ மாரடைப்பில் போய்விட்டாய் என்ற செய்தி.

நேற்று உன் மனைவி சொன்னார்: "கண்ணு ரொம்ப மங்கிப் போச்சுண்ணே. பஸ் நம்பர்கூட இந்த போன்லதான் பெருசாக்கிப் பார்ப்பாரு. பழைய போன்ல ஒண்ணும் தெரியல. உங்ககிட்ட மட்டும் சொல்லாதன்னுட்டாரு. பாவம் பார்ப்பீங்களாம்."

உள்ளே அவைதான் இருக்கின்றன: பஸ் எண்கள், மாத்திரை அட்டைகள், கடைகளின் விலைப்பலகைகள். அவற்றுக்கு நடுவே, அன்று பஸ்ஸுக்கு நின்ற நான். நிற்பது நான்தானா என்று பார்த்திருக்கிறாய்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் போனில் பேட்டரி நிற்பதில்லை. வேறு வாங்க வேண்டும். திறமூலம்தான் வாங்குவேன். ஆனால் கேமரா எப்படி என்று முதலில் கேட்பேன். இந்த ஒரு படத்தை அதில் ஏற்றிக்கொள்வேன். மீசையின் நரை ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அவ்வளவு தெளிவாக இருக்கிறேன்: உன்னை அடையாளம் கண்டுகொண்டு, திரும்பிக்கொள்கிறேன்.