எட்டாம் தளத்தில் ஒரு குப்பி

அன்புத் தங்கை பியூலாவுக்கு,

கூடுவாஞ்சேரியில் உங்கள் அடுக்ககத்து லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் தாம்பரத்தில் ரயிலேறி வந்து, மூச்சு வாங்கப் படியேறி, உன் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். உன் கணவர் ஜெபராஜ் டீ போட்டு வைத்திருப்பார். பிறகு உன் பழைய லேப்டாப்பின் முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு நாங்கள் விளையாடுகிறோம். நம்புவாயா?

நீ இருந்தபோது அந்தக் குகை விளையாட்டுகளில் எனக்கு நாட்டமில்லை. இப்போது ரயிலில் வரும்போதெல்லாம் உன் குரல் பதிவுகளைத்தான் கேட்கிறேன். அலுவலகம் விட்டு வந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, போனை வாயருகே வைத்துக்கொண்டு, இணையத்தில் போடுவதற்காக நீ பேசியவை.

"பியூலா அக்கா பேசறேன். கையில காசு கம்மி, கம்ப்யூட்டர் பழசு, இதுவரைக்கும் எதுவும் விளையாடினதே இல்லைங்கறவங்களுக்குத்தான் இது. பெரிய கம்பெனி விளையாட்டு வேணாம். ரெண்டு மூணு பேரு சேர்ந்து வீட்லயே செஞ்சு விக்கறது இருக்கு, ஒரு பிரியாணி விலைதான். இருட்டுக் குகையில தளம் தளமா இறங்கணும். பூதம் வரும், சாப்பாடு தேடணும், உயிர் ஒண்ணுதான். பயப்படாதீங்க. நீங்க ஒரு அடி வெச்சாத்தான் பூதமும் ஒரு அடி வைக்கும். நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

எந்த விளையாட்டைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ஒன்றைச் சொல்வாய். "மருந்துக் குப்பி கிடைச்சா மிச்சம் பிடிக்காதீங்க. பையில மருந்த வெச்சுகிட்டே செத்தவங்கதான் ஜாஸ்தி."

அந்த வார்த்தைதான் ஜெபராஜை வதைத்தது.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில் நீ ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். எட்டாம் தளம். உன் பெயரைத் தாங்கிய சின்ன உருவம் ஒரு மூலையில் நிற்கிறது. மிச்ச உயிரைக் காட்டும் கோடு சிவந்து நூலாகிவிட்டது. மூன்று பக்கமும் பூதங்கள். உன் வாள், கயிறு, ரொட்டி எல்லாம் தரையில் இறைந்து கிடக்கின்றன. பையில் இருப்பது ஒரே ஒரு மருந்துக் குப்பி. அதை நீ குடிக்கவில்லை.

விசையைத் தொடாதவரை அங்கே எதுவும் நகராது. அதனால் அவர் தொடவில்லை. வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டு உன் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிவரும் இட்லி பொட்டலத்திலேயே காய்ந்து போகும்.

"எல்லாரையும் குடிங்க குடிங்கன்னு சொன்னவ மச்சான். இவ ஏன் குடிக்கலை?"

"விளையாட்டுதானே மாப்ள."

"கையில இருந்ததையெல்லாம் தூக்கிப் போட்டிருக்கா, பாருங்க. வாழணும்ங்கற ஆசையே விட்டுப்போச்சு. அது தெரியாம கீமோவுக்கு வா வான்னு இழுத்துட்டுப் போயிருக்கேன்."

எனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்பதுதான் இத்தனை வருடமாக என் வழக்கம். திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனேன். உன் பதிவுகளைக் கேட்டு விளையாடப் பழகிய நஸ்ரின், கணவரோடு மொபைல் கடை வைத்திருக்கிறாளே, அவளிடம். உன் அடக்கத்தில் நம் சொந்தக்காரப் பெண்களைவிட அதிகமாக அழுதவள்.

யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். "இன்னா சார், அக்கா இருந்தப்ப ஒரு ஆட்டமாவது ஆடியிருப்பீங்களா? இப்ப வந்து கேட்டுகினு கீறீங்க" என்றாள். படத்தைக் காட்டியதும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏம்மா குடிக்கலை?"

"குடிச்சாலும் ரெண்டு அடி தாண்டாது சார். மூணு பக்கமும் நிக்குது பாருங்க. இந்த ஆட்டத்துல நாம செத்த எடத்துலயே எலும்பும் பையும் கெடக்கும். அப்பால அதே கம்ப்யூட்டர்ல புச்சா ஆடிகினு வர்றவங்க அந்தத் தளத்துக்கு வந்தா, பைக்குள்ள கைய வுட்டு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம். எது சிக்கும்னு தெரியாது. அதான் மத்ததெல்லாம் வெளிய போட்டுட்டு மருந்த மட்டும் உள்ள வெச்சிடுவோம். ஆடுறவங்க அல்லாரும் அப்டித்தான் செய்வாங்க."

"யாருக்காக வெச்சிருப்பா?"

"அந்த வூட்ல வேற யாரு சார் கீறாங்க? ஜெபராஜ் அண்ணன ஆட வா, ஆட வான்னு கூப்டுகினே இருந்துச்சு அக்கா. இல்லாங்காட்டி, தானே திரும்பி வந்து ஆடலாம்னு நெனச்சிருக்கும். மனசுல இன்னா இருந்துச்சுன்னு எனக்கு எப்டி சார் தெரியும்?"

திரும்பும் பேருந்தில் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி வந்தேன். உன்னை அடக்கம் செய்த நாள் நினைவுக்கு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் புது இடம் இல்லை, அம்மாவின் கல்லறையைத்தான் திறந்தார்கள். அம்மாவின் எலும்புகளை வெள்ளைத் துணியில் சேர்த்து ஓரமாக ஒதுக்கிவிட்டு உன்னை இறக்கினார்கள். ஜெபராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மட்டும், அம்மா தள்ளிப் படுத்து உனக்கு இடம் விட்டதுபோல் இருந்தது.

மாப்பிள்ளையிடம் நஸ்ரின் சொன்ன இரண்டையும் சொன்னேன். ஒன்றைக்கூட அழுத்திச் சொல்லவில்லை.

"நீங்க எதை நம்பறீங்க மச்சான்?"

"எனக்குத் தெரியாது மாப்ள. ஆனா ரெண்டுல எதுவா இருந்தாலும் அடுத்த ஆட்டத்தை நெனச்சிருக்கா. எல்லாம் வெறுத்துப்போனவ பையை இவ்வளவு பார்த்துப் பார்த்துக் காலி பண்ணுவாளா?"

குப்பி அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டுமானால் யாராவது அந்தக் கடைசி அடியை வைத்தாக வேண்டும். அது அவருக்கும் புரிந்துவிட்டது.

"நான் அழுத்தட்டுமா?" என்றேன்.

"வேணாம். நான்தான்."

உதடுகள் அசைந்தன. ஜெபமா, உன்னிடம் ஏதாவது சொன்னாரா, தெரியவில்லை. அழுத்தினார். திரை இருண்டது. உன் பெயர் மட்டும் சற்று நேரம் வெள்ளையாக நின்று, பிறகு அதுவும் போயிற்று. கல்லறைத் தோட்டத்தில் அழாதவர் அன்று மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். நான் எழுந்துபோய் டீ போட்டேன். வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"புது ஆட்டம் எப்படி மச்சான் ஆரம்பிக்கறது?"

எனக்கு எப்படித் தெரியும்? உன் பதிவைத்தான் போட்டோம். எங்களைப் போன்ற ஆட்களை நினைத்துத்தான் நீ பேசியிருக்கிறாய் போலிருக்கிறது. ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொல்கிறாய்.

முதல் ஆட்டத்தில் முதல் தளத்திலேயே மாப்பிள்ளையை எலி கடித்துக் கொன்றுவிட்டது. "அண்ணன் எலி கிட்டயா மாட்டிகினாரு?" என்று நஸ்ரின் போனில் சிரித்துத் தீர்த்தாள். என் ஆள் பட்டினியால் செத்தான். ரொட்டியை மிதித்துக்கொண்டே போயிருக்கிறேன், அது ரொட்டி என்று தெரியவில்லை. மாப்பிள்ளை மறுபடி வேலைக்குப் போகிறார். இட்லியை நான் பிரிப்பதற்குள் தட்டைக் கொண்டுவந்துவிடுகிறார்.

சென்ற வாரம் அவர் ஐந்தாம் தளம் வரை இறங்கினார். அங்கேதான் செத்தார். பையைத் திறந்து பார்த்தால் வழியில் கிடைத்த மருந்துக் குப்பி எல்லாம் அப்படியே இருந்தது. "அப்புறம் தேவைப்படும்னு வெச்சேன் மச்சான்" என்றார். நான் உன் பதிவின் கடைசிப் பகுதியைப் போட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தார், பியூலா. நீ போன பிறகு அந்தச் சிரிப்பை முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்தக் குப்பியை அவருக்காக வைத்தாயா, திரும்பி வரப்போகும் உனக்காக வைத்தாயா? இதை நான் எந்நாளும் உறுதி செய்ய முடியாது. உறுதி செய்யாமல் விட்டதிலும் இப்போது எனக்கு வருத்தமில்லை.

இன்னும் மூன்று தளம் இருக்கிறது. தட்டுத் தடுமாறியாவது ஒருநாள் அவர் உன் மூலைக்கு வந்து சேர்வார். அன்றைக்கு நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். பைக்குள் கைவிட்டு உன் குப்பியை எடுத்ததும் அதைப் பத்திரமாக எடுத்து வைக்கத்தான் பார்ப்பார், அவரைப் பற்றி உனக்குத் தெரியாததா? வைக்க விடமாட்டேன். அவர் அதைக் குடித்து முடித்த பிறகுதான் தாம்பரத்துக்கு ரயிலேறுவேன்.

அம்மாவின் பக்கத்தில் உறங்கும் உனக்கு,
உன் அண்ணன் சாலமன்