பின்சீட்டுக்கு அடியில் தரை

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். இங்கேயும் சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு கேட்கலை. போன்ல சொல்லலாம்னா உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துக்கறார், அதான் கடிதம்.

நம்ம காரைப் பத்தித்தான். மழையில உள்ளே ஈரநாத்தம் அடிக்குதேன்னு பின்சீட்டுக் கால்மிதியை உலர்த்த எடுத்தேன். அடியில ஒரு பலகை. அதைத் தூக்கினா தரை தெரியுதுடி! பக்கத்து வீட்டுப் பூனை வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்க்குது. தகடெல்லாம் துரு, விரல் பட்டா பிஸ்கட் மாதிரி உதிருது. பதறிப்போய் உங்கப்பாகிட்ட ஓடினா, பேப்பரை இறக்காமலே, அதான் பலகை போட்டிருக்கேனே, நீ ஏன் கிளறுறேங்கிறார். தெரிஞ்சேதான் மூடி வச்சிருக்கார் மனுஷன்!

அவருக்குப் பழைய நினைப்பு. கல்யாணமான புதுசுல இருந்த வண்டியை உதைச்சா நம்ம கால்தான் வீங்கும், அவ்வளவு கனத் தகடு. இன்ஜின்தான் சீக்காளி, மேடு கண்டா கொதிக்கும், பாதி வழி நான் தண்ணிக் கேனோட நடந்திருக்கேன். சில வருஷத்துக்கு ஒருதரம் இன்ஜினைப் பிரிச்சுப்போடாத வண்டியே அப்போ கிடையாது. இதுவோ நீ காலேஜ் சேர்ந்தப்ப வாங்கினது, ஒருநாள்கூட நடுவழியில நின்னதில்லை. அதனால தினம் காலையில பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, சத்தம் சுத்தம், வண்டி கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லிடறார். குனிஞ்சு அடியில பார்க்கறதே இல்லை. மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்ப வர்ற வண்டிக்குத் துருவும் லேசுல ஏறாதாம், இது அதுக்கு முந்தினது, இன்ஜின் இன்னும் எவ்வளவோ ஓடும்மா, அதைச் சுமக்கத்தான் உடம்பு இருக்காதுன்னார். சீட்டைப் பிடிச்சிருக்கிற போல்ட்டும் ஆடுதாம்.

அடுத்த மாசம் உங்களைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு இதுலதான் வருவாராம். குட்டிக்குச் சின்ன சீட்டு வாங்கி, அந்தப் பலகைக்கு நேர் மேலேயே கட்டி வச்சு, தினம் துடைக்கிறார். அத்தனை லாரி ஓடற ரோட்டுல, ஐயோ, எழுதவே கை வரலை. வேண்டாம்னா, என்மேல நம்பிக்கை இல்லையான்னு சாப்பிடாம எழுந்துபோயிடறார்.

உறை ஏன் கனக்குதுன்னு யோசிச்சிருப்பே. வண்டிச் சாவி, ரெண்டும்தான். இப்போ மெத்தையைப் புரட்டிப்போட்டுத் தேடிக்கிட்டிருக்கார். நானும் நடுநடுவே எழுந்துபோய்க் கூடவே தேடிட்டு வர்றேன். அவசரத்துல எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா திட்டாதே.

குட்டிக்குக் குளிர்ல காலுறை போடாம விடாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு. மூணு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வயசு இருக்கணும். டாக்சி பிடிச்சு வந்துடுங்க, சாவியை மறந்தும் பெட்டியில எடுத்துக்கிட்டு வராதே.

இப்பத்தான் வாசல்ல வந்து நின்னு, பேரன் வர்றதுக்குள்ள சாவி கிடைச்சிடும்லன்னு கேட்டார். முகத்தைப் பார்க்க முடியலைடி. கிடைச்சிடும்னு சொல்லிட்டேன்.

உன் அம்மா