கன்னத்தில் தேய்த்த கடலையெண்ணெய்

மாமா,

இன்று காலை செக்கிலிருந்து புதுத் தேங்காயெண்ணெய் வந்தது. உங்கள் மகன் டின்னைத் திறந்ததும் வீடெல்லாம் செக்கு வாசனை. படத்தில் மாலைக்கு நடுவே மிடுக்காக இருக்கிற உங்களை நிமிர்ந்து பார்த்தேன். துக்கம் வரவில்லை. உங்கள் சட்டம்தான் நினைவுக்கு வந்தது.

என் மகனுக்குப் பால் குடிக்கும் வயதிலேயே கன்னமெல்லாம் கரப்பான் புண் வெடித்திருந்தது. கஞ்சி ஊட்டத் தொடங்கியபோது, நிலக்கடலையை வறுத்து நைசாக மாவாக்கிக் கொஞ்சம் கரைக்கட்டுமா என்று கேட்டேன்.

"ஆகாது அம்மிணி. அஞ்சு வயசு முடியற வரைக்கும் அவன் வாயில ஒரு கடலைகூடப் படக்கூடாது."

"எங்கூட்டுல எல்லாக் கொழந்தைக்கும் குடுப்பாங்களே மாமா. டாக்டரை ஒரு வார்த்தை கேக்கலாமுங்க."

"உங்கூட்டு வழக்கம் உங்கூட்டோட இருக்கட்டும். என்ற பேரனுக்கு எது ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

வேலந்தாவளத்தைச் சுற்றிக் கடலைக்காடு வைத்திருந்தவர் நீங்கள். வாசலில் கடலை உடைக்கிற மெஷின் ஓடும். தூசு தொட்டில்வரை படியும். அந்தக் கையோடு குழந்தையைத் தூக்கி, வெடித்த கன்னத்தில் செக்கெண்ணெய் தேய்ப்பீர்கள். வாயில் படக்கூடாததைப் புண்ணில் பூசினீர்கள். அதற்கு வைத்தியம் என்று பெயர் வேறு.

அவனுக்கு நாலு வயதில் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போனீர்கள். உங்களுக்குத் தெரிந்த தரகர் ஒருவர் ஆசையாக ஒரு கடலை உருண்டை கொடுத்தார். உதடு வீங்கி, மூச்சு இழுக்க, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டிருந்தார்கள். அவனுடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி கட்டிலருகே நின்றிருந்தீர்கள். அந்த ஒரு நிமிடம் உங்கள்மேல் இரக்கப்பட்டேன். நீங்களே அதைக் கெடுத்தீர்கள்.

"நான் அப்பவே சொன்னனில்ல, கடலை ஆகாதுன்னு."

பாலக்காட்டு டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். "கடலை புண்ணான தோல் வழியாப் போனா உடம்பு அதை எதிரின்னு நினைச்சுக்கலாம். வாய் வழியா, சரியான காலத்துல, எங்களைக் கேட்டுக் கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்தா சாப்பாடுன்னு பழகும். குடுத்திருந்தா வந்தே இருக்காதுன்னு சொல்ல மாட்டேன். வாய்ப்புக் குறைஞ்சிருக்கும்." அவனுக்கு மூச்சிளைப்பும் இருப்பதால் இனிக் கூடுதல் கவனம் வேண்டும் என்றார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

மகள் பிறந்ததும் கோபாலபுரத்தில் அம்மா வீட்டிலேயே தங்கினேன். அதே டாக்டரம்மா பார்த்துச் சொன்னபடி ஆறாம் மாதத்திலிருந்து வறுத்த நிலக்கடலை மாவைக் கஞ்சியில் கலந்து ஊட்டினேன். நான் திரும்பி வந்தபின் நீங்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினீர்கள். வீடு அமைதியாக இருந்தது. அவள் பிடி பிடியாகக் கடலை தின்று வளர்ந்ததும், "புள்ளைக்கு என்ற ஒடம்பு வாகு" என்று சொந்தக்காரர்களிடம் பெருமை பேசினீர்கள். அந்தப் பெருமையோடுதான் போய்ச் சேர்ந்தீர்கள்.

மகன் இப்போது எட்டாம் வகுப்பு. மூச்சு இழுத்தால் உடனே போட, அவன் பள்ளிப் பையில் ஓர் ஊசி, என் கைப்பையில் ஓர் ஊசி. கல்யாண வீடுகளில் பந்திக்கு முன்னால் சமையல்கட்டுக்குப் போய், எதில் கடலை சேர்த்திருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் அவனை உட்கார வைக்கிறேன். உங்கள் மருமகள் பயந்தாங்கொள்ளி என்று உங்கள் சொந்தங்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல உங்களுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.