துந்தனாவை யாரோ தொடுகிறார்கள்

ஜூலை 9, செவ்வாய்
மறுபடியும். துந்தனாவைச் சுதி சேர்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சுதி ஏறிக் கிடக்கிறது. சாரல் ஈரத்தில் தளரும், சரி. தானாக ஏறுமா? குடுக்கை, மூங்கில், ஒற்றைக் கம்பி, அவ்வளவுதான். ஆனால் எங்கள் கோலாட்டக் குழுவே இதைக் கேட்டுத்தான் ஆடுகிறது. பதினொரு வருஷமாக நான்தான் மீட்டுகிறேன்.

நானே திருத்திக்கொண்டு வாசித்தேன். ஜோதிலட்சுமி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆடினாள்.

ஜூலை 11
பழைய குற்றாலம் ரோட்டு ஒத்திகை ஷெட்டுக்குள் நான் நுழைந்ததும் ஜோதியும் மாடக்கண்ணு அண்ணாச்சியும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அண்ணாச்சிதான் குழுத் தலைவர். சாரல் விழா மேடைக்கு ஆள் முடிவு செய்வது அவர். ஜோதிக்கும் துந்தனா வாசிக்கத் தெரியும்.

“என்னட்டி பேசுன?”

“ஒண்ணுமில்லக்கா.”

ஒண்ணுமில்லாததுக்கா இப்படிக் குசுகுசுப்பு?

ஜூலை 14
துந்தனாவின் கம்பியை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

ஜூலை 15
கோடு நகர்ந்திருக்கிறது.

ஜூலை 18
பிடித்துவிட்டேன். டீக்குப் போகிற மாதிரி போய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். ஜோதிதான். குனிந்து ஆணியைத் திருகுகிறாள்.

“எம் பொழப்பக் கெடுக்கவாட்டி வந்த?”

அழுதாள். “யக்கா, மூணு மாசமா நீங்க சுதியத் தாழ்த்தித்தான் வைக்கிய, அதான் நான் ஏத்தி வைக்கேன். அண்ணாச்சி ஆள மாத்தணுங்காரு. மேடை முடியட்டும்னு நாந்தான் கெஞ்சிட்டு இருக்கேன். நாங்க சாதாரணமாப் பேசுதது உங்களுக்குக் கேக்கலயா?”

பொய். பொய்தானே?

ஜூலை 19
தூங்கவில்லை. வலது காதுப் பக்கம் வைத்து மீட்டினேன், ஒரு சுதி. இடது பக்கம் வைத்தேன், வேறு சுதி. ஒரே கம்பி.

ஜூலை 23
தென்காசியில் காது டாக்டர். ஜோதிதான் கூட வந்தாள். வலது காது பாதிக்குமேல் போய்விட்டதாம். “கேக்குறது குறையிறது மட்டுமில்லம்மா, சுருதியே மாறிக் கேக்கும்.” இடதும் தேய்கிறதாம். அவர் சொன்னதை ஜோதி பஸ்ஸில் எனக்கு மறுபடி சத்தமாகச் சொன்னாள். முன்சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான்.

அவளிடம் மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 24
அண்ணாச்சியிடம் நானே போய்க் காது விஷயத்தைச் சொன்னேன். துந்தனாவை ஜோதி கையில் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றாள். “வாங்குட்டி.”

ஆகஸ்ட் 11, ஞாயிறு
மேடை. ஜோதி மீட்டினாள், ஆட்டத்தில் அவள் இடத்தில் நான் கோல் பிடித்தேன். ஸ்பீக்கர் இரைச்சலில் எனக்கு எதுவும் பிரிந்து கேட்கவில்லை. அவள் விரலைப் பார்த்தே அடி வைத்தேன். மூன்றாம் பாட்டில் பதற்றத்தில் அவள் அரைத்தாளம் முந்திவிட்டாள். நானும் முந்தினேன். மற்றவர்கள் கோல் தடுமாறியது. இறங்கியதும், “காது கேக்காதவள ஏத்துனா இப்படித்தான்” என்று அண்ணாச்சி சொன்னது உதட்டசைவிலேயே தெரிந்தது.

ஜோதி வாயைத் திறக்கப் போனாள். அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.