மணல்காட்டில் கடைந்த அச்சு

என் மாப்பிள்ளை ஏகாம்பரத்துக்கு,

எங்கே இருக்கிறாயோ, அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து இதைக் கேள். உட்காரச் சொன்னால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். கடைசி சில வருஷங்களில் நீ ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இப்போது அந்த வியாதி எனக்கு வந்திருக்கிறது.

நேற்று உனக்கு முதல் வருஷத் திதி. கோமதி காலையிலேயே குளித்துவிட்டு உனக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுத்தாள். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அது வரும்வரை வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். பந்தியில் எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உன்னைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், மாப்பிள்ளை. உனக்குக் கோபம் வரும். அதனால் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நாம் இரண்டு பேரும் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் பிறந்தவர்கள். உனக்கு இரும்புமேல் ஆசை. என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கடைசல் வேலை படிக்க வைத்தாய். அரக்கோணம் தாண்டிப் பட்டணம் போகிற வழியில் பட்டாளத்து டாங்கி செய்யும் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அடுத்தடுத்த லேத் மெஷின். அப்புறம் என் தங்கை கோமதியைக் கட்டிக்கொண்டாய். சிநேகிதன் மாப்பிள்ளை ஆனான்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ தறிப்பக்கம் போய்விடுவாய். கோமதி பட்டுப் புடவைக்கு உடம்பு நெய்வாள், நீ பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் கோத்த நாடாவைத் தள்ளிக் கொடுப்பாய். வாரம் முழுக்க டாங்கி வண்டிக்கு இரும்பு கடைந்த கை, ஞாயிற்றுக்கிழமை பட்டில். இருவரும் என்ன பேசிக்கொள்வீர்களோ, சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

அப்போதுதான் பங்களாதேஷ் யுத்தம் வந்தது. மேற்கு எல்லையிலும் சண்டை, அங்கே பட்டாளத்துப் பட்டறை போட்டிருக்கிறார்கள், கடைசல் தெரிந்தவர்கள் சில பேர் வேண்டும், யார் வருகிறீர்கள் என்று ஃபோர்மேன் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நீ கை தூக்கிவிட்டாய். ஏன் தூக்கினாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாம் செய்கிற வண்டி எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கணும் என்று ரயிலில் சொன்னாய். அது மட்டும்தானா?

கோமதி என்னிடம் வந்தாள். "அவரு சொன்னா கேக்க மாட்டாரு. நீயும் கூடப் போண்ணா. அவரு தனியா போனா எனக்குத் தறியில கை ஓடாது." அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். மறுநாள் என் பெயரையும் கொடுத்தேன்.

அங்கே போய்ப் பார்த்தால் பட்டறை என்பது ஒரு லாரி. பின்பக்கத்தில் சின்ன லேத் மெஷின் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார்கள். நின்ற இடம் மணல்காடு. டிசம்பர் மாதக் குளிரில் கை விறைத்துப்போகும், மத்தியானம் ஆனால் வெயில் சுடும். லாரிச் சக்கரம் மணலில் புதைந்து மெஷின் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. நீ கட்டைகளை முட்டுக் கொடுத்து, அடியில் படுத்து, மட்டம் பார்த்து, மறுபடி படுத்து எழுந்தாய். தூரத்தில் குண்டு விழும்போதெல்லாம் மெஷின் நடுங்கும். கடைகிற இரும்பில் வரி விழுந்துவிடும்.

ஒருநாள் ஒரு டாங்கியைப் பட்டறைப் பக்கம் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அதன் செயினை விறைப்பாகப் பிடித்து வைக்கிற சக்கரத்தின் அச்சு தேய்ந்துபோய் விரிசல் கண்டிருந்தது. மாற்று அச்சு வந்து சேரவில்லை. புதிதாகக் கடைந்துதான் போட வேண்டும். அந்த வண்டியின் டிரைவர் நாம் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு ஓடி வந்தான். வாலாஜாபேட்டைக்காரன், பெயர் முருகேசன். அந்தக் காட்டில் தமிழ் கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை.

காஞ்சிபுரம் என்று சொன்னதும் அவனுக்குப் பேச்சு நிற்கவில்லை. அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தானாம். தெருத் தெருவாகச் சுற்றியும் அக்காவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லையாம், கடைசியில் முதலில் பார்த்த வீட்டுக்கே திரும்பிப் போனார்களாம். நீ கடைந்துகொண்டே, அது எந்தத் தெரு, கரை என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவன் நமக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

பாதி வேலையில் குண்டுச் சத்தம் பக்கத்தில் கேட்க ஆரம்பித்தது. பட்டறையைப் பின்னால் நகர்த்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஹவில்தார் ஓடி வந்து, வேலையை விடுங்கள், டாங்கியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்றார். மற்ற லாரிகள் கிளம்பிவிட்டன. முருகேசன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய ஆட்கள் முன்னால் சண்டையில் இருந்தார்கள்.

"இன்னும் ஒரு வெட்டுதான் மச்சான். முடிச்சுட்டா இவன் வண்டி ஓடும்" என்றாய்.

உன்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத்தானே கோமதி என்னை அனுப்பினாள்? ஆனால் என் கை மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது. நீ ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையில் காத்திருந்து காத்திருந்து வெட்டினாய். அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அளவு மயிரிழை பிசகவில்லை. சூட்டோடு அச்சைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தோம். முருகேசன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். மாட்டினார்கள். வண்டி கிளம்பியது. அவன் தலையை வெளியே நீட்டிக் கை ஆட்டினான். நீயும் ஆட்டினாய். குழந்தை மாதிரிச் சிரித்தாய் அப்போது.

மறுநாள் மத்தியானம் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கருகியிருந்தது. முருகேசன் அதில் இல்லை.

நீ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாய். துணியால் கரியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாய். நானும் பயந்துகொண்டேதான் பார்த்தேன், நாம் கடைந்தது உடைந்து வண்டி நின்றுபோய் அவன் மாட்டிக்கொண்டானோ என்று. அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டது போட்டபடி இருந்தது.

"அச்சு நல்லாதான் இருக்குது மச்சான்" என்றாய். எனக்கு உயிர் வந்தது. உனக்குப் போனது. அந்த வித்தியாசம் அப்போது எனக்குப் புரியவில்லை.

ஊருக்குத் திரும்புகிற ரயிலில்தான் சொன்னாய். "நாம அத முடிக்காம உட்டிருந்தா அந்த வண்டியக் கட்டி பின்னால இழுத்துக்கினு வந்திருப்பாங்க. அவனும் கூடவே வந்திருப்பான். நல்லா செஞ்சதாலதான் போனான்."

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அந்த வண்டி போனதால் முன்னால் இருந்த எத்தனை பேர் தப்பித்தார்களோ என்று சொன்னேன். அது அவர்கள் வேலை, நம் வேலை கடைவது என்று சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அரக்கோணம் வந்ததும் என் கையைப் பிடித்து, இதைக் கோமதியிடம் எப்போதும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாய். "அவ என் கையிலதான் சோறு போடுறா. இந்தக் கைய வேற மாதிரி பாத்துடுவா." நான் சத்தியம் செய்தேன்.

தெருவில் நமக்கு மாலை போட்டார்கள். எல்லைக்கு வெகு தூரம் பின்னாலேதான் இருந்தோம், குண்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் தலையாட்டினேன்.

அதற்கப்புறம் நீ தறிப்பக்கம் உட்காரவே இல்லை. கோமதி கூப்பிடுவாள், வருவாய், நாடாவைக் கையில் எடுப்பாய், வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாய். சாப்பாட்டில் பாதியில் கை கழுவுவாய். சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாய். ரயிலுக்கு வெகு நேரம் முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய் நிற்பாய். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடுவாய். ஒருநாள் வாலாஜாவுக்கு என்று பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, தாமல் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தாய். தேடிக்கொண்டு வந்த என்னிடம், அந்த அக்காவிடம் போய் என்ன சொல்வது என்று கேட்டாய். உன்னைத் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நீ எழுந்து எழுந்து உட்கார்ந்தாய்.

இனி நீ பார்க்காததைச் சொல்கிறேன். நீ போனதும் உன் வேலையை வீட்டில் ஒருவருக்குத் தருவதாகத் தொழிற்சாலையில் சொன்னார்கள். உன் தம்பி குமரேசனுக்குக் கொடுக்கலாம் என்று உன் அப்பா நினைத்தார். என்னைக் கூப்பிட்டு, "சபாபதி, நீதான்பா தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லணும். பொம்பளைக்கு எதுக்கு அந்த இரும்பு வேலை, தறி இருக்குதே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளையை ஓய்வில்லாமல் ஓடவைத்த இடத்துக்கு மருமகளையும் அனுப்ப அவருக்கு மனசில்லை.

கோமதி உள்ளேயிருந்து வந்தாள். மாமனார் முன்னால் அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை. "நான் போறேன் மாமா. அங்க அப்படி இன்னாதான் இருக்குதுன்னு நான் பாக்கணும்" என்றாள்.

யாருக்கும் அது புரியவில்லை. எனக்கும்தான். ஆனாலும் அவள் பக்கம் பேசினேன். குமரேசனே கடைசியில், அண்ணிக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். நல்ல பையன், மாப்பிள்ளை. இப்போது கோமதியின் தறியில் அவன்தான் நெய்கிறான்.

கோமதியை டூல் ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகக் கருவிகளை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிற வேலை. உன் மகள் சுமதியை என் வீட்டில் விட்டுவிட்டு என்னோடு ரயில் ஏறுகிறாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நம் லேத் வரிசை தெரியும். உன் மெஷினில் இப்போது வேறு ஒருவன். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பதை நான் பல தடவை கவனித்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போன வாரம் அரக்கோணத்தில் வண்டி மாறி உட்கார்ந்தோம். வண்டி கிளம்பியதும் கேட்டாள்.

"அங்க வந்து எல்லாம் பாத்துட்டேண்ணா. எண்ணெய் நாத்தமும் சத்தமும்தான் இருக்குது. இதுக்காகவா அவரு என்ன உட்டுட்டு ஓடி ஓடி வந்தாரு? எங்கூட உக்கார முடியாத அளவுக்கு எங்கிட்ட இன்னா கொற கண்டாரு?"

அதைத்தான் அவள் இத்தனை வருஷமாக மனசில் வைத்துக்கொண்டு நெய்திருக்கிறாள். நீ சாப்பாட்டில் பாதியில் எழுந்தபோதெல்லாம் தன் சமையலில் குறை தேடியிருக்கிறாள். நாடாவை வைத்துவிட்டுப் போனபோதெல்லாம் தன் முகத்தில் குறை தேடியிருக்கிறாள். இது உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் என் வாயைக் கட்டியிருப்பாயா?

நான் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன். காற்று வாங்குகிறவன் மாதிரி. இறங்குகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுக்க என் மெஷினில் ஒரு வேலையும் உருப்படியாக வரவில்லை.

உனக்குச் செய்த சத்தியம் பெரிதுதான். ஆனால் நீ பயந்தது நடக்காது. உன் கையை அவள் வேறு மாதிரிப் பார்க்க மாட்டாள். பார்த்தாலும் அது அவள் பாடு, உன் பாடு. நடுவில் நின்று மறைக்க எனக்கு இனிமேல் தெம்பில்லை.

நாளைக்குக் காலை ரயிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறேன். மணல்காடு, லாரி, முருகேசன், அந்தக் கடைசி வெட்டு, எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். நீ ஓடியது எதைக் கண்டு என்று சொல்லப் போகிறேன். அவளிடம் ஒரு குறையும் இல்லை என்று சொல்லப் போகிறேன். அவள் அழுதாலும், பேசாமல் இருந்தாலும், என்னைத் திட்டினாலும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் செய்யும் இரண்டாவது சத்தியம், மாப்பிள்ளை. முதலாவதை மீறுவதற்கு மன்னித்துக்கொள்.

உன் மச்சான்,
கோமதிக்கு அண்ணன்,
சபாபதி