ஒரு கை வைக்காத கோட்டு

ஆடி 24, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை. பாப்பாவுக்கு மூக்கடைப்பு. காய்ச்சல் 99.4. மறுபடி வைத்தால் 98.8. மூன்றாம் தடவை வைக்கவில்லை, இவர் திட்டுவார்.

புதுக்கோட்டை போய் நித்யாவின் மாப்பிள்ளைக்கு வரவேற்புக் கோட்டுத் துணி எடுத்தாயிற்று. முகூர்த்தப் பட்டு எல்லாம் ஆவணி பிறந்த பிறகுதான். "கோட்டுக்கு என்னடி ஆடியும் ஆவணியும், அது எந்தச் சாத்திரத்துல இருக்கு" என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை துணி பெண் வீட்டுச் செலவு. அதனால் அப்பா, அம்மா, நான், இவர், இடுப்பில் பாப்பா. தங்கை நித்யா சென்னையிலிருந்து வீடியோ காலில். மாப்பிள்ளை பிரபு சிங்கப்பூரிலிருந்து அதே காலில். ஒரு கோட்டுக்கு ஏழு பேர்.

பார்த்தவை: கருநீலம், மெரூன், பாட்டில் பச்சை, சாம்பல், மறுபடி கருநீலம்.

"அக்கா, வெளிச்சத்துல காட்டேன். ட்யூப்லைட்டுல இல்லக்கா, வெயில்ல."

வெயிலே இல்லை. துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நான்தான் நடந்தேன்.

எங்கள் கல்யாணம் ஊரடங்கில். ஜவுளிக்கடை அத்தனையும் பூட்டு. அப்பா தன் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டிதான் இவருக்கு. தாலி கட்டும்போது எனக்கு மல்லிகை வாசம் வரவில்லை, அந்துருண்டை வாசம்தான் வந்தது. வரவேற்பே கிடையாது. "எல்லாம் சரியாகட்டும் மாப்பிள்ளை, ஒங்களுக்கு ஜோரா ஒரு கோட்டு தச்சுருவோம்" என்றார் அப்பா. எல்லாம் சரியாகி எத்தனை வருடம் ஆயிற்று.

அளவெடுக்க ஆள் எங்கே என்று டெய்லர் கேட்டார். அப்பா இவர் முதுகைத் தட்டினார். "ஆளு சிங்கப்பூர்ல. நம்ம மூத்த மாப்பிள்ளையும் அவரும் ஒரே வாகுதான். இவரு மேலயே எடுத்துக்கங்க."

இவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி நின்றார். நெஞ்சு 40. "சார் நிக்கிற நிலைக்கு, படம் புடிச்சுக் கடை வாசல்ல மாட்டலாம்" என்றார் டெய்லர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆடி 26, செவ்வாய்

பாப்பாவுக்கு இருமல். டாக்டர் வெறும் சளி என்றார். நெஞ்சில் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டேன். "நீங்க தூங்குங்கம்மா மொதல்ல" என்றார்.

வாங்க: மூக்குச் சொட்டு, ரவை, இவருக்கு ஷேவிங் பிளேடு.

நித்யா போன். கோட்டுப் பையில் செருக, புடவை நிறத்திலேயே கைக்குட்டை வேண்டுமாம். புடவையே இன்னும் எடுக்கவில்லை.

மத்தியானம் பிரபுவிடமிருந்து வாட்ஸப். "அண்ணி, இங்க ஒரு கடையில அளவு எடுத்துப் பார்த்தேன். நெஞ்சு 42, வயிறு 41. வெயிட் போட்டுட்டேன். டெய்லர்கிட்ட சொல்லிடுங்க." டெய்லர் நம்பர் என்னிடம்தான் இருக்கிறது.

படித்தேன். சொல்லவில்லை. பாப்பாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டேன். மருந்து கொடுத்து, துணி மடித்து, பாத்திரம் கழுவி, இதோ இதை எழுதவும் நேரம் இருந்திருக்கிறது.

ஆடி 28, வியாழன்

கோட்டு ட்ரையல். இவர் காலை ஷிப்ட் முடித்து விராலிமலையிலிருந்து நேரே வந்தார், கம்பெனிச் சட்டையோடு. கோட்டில் இன்னும் வலது கை மட்டும்தான் வைத்திருந்தார்கள். இடது பக்கம் கம்பெனிச் சட்டைக் கை நீட்டிக்கொண்டு நின்றது. எங்கு பார்த்தாலும் பெரிய பெரிய வெள்ளை நூல் தையல். அப்படியும்...

எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு அழகு. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணாடியில் ஒரு தரம் காலரைத் தடவிக்கொண்டார். பாப்பா தாவிப் போய் ஒரு வெள்ளை நூலைப் பிடித்து இழுத்தாள். நான் போட்டோ எடுத்தேன்.

அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி, "அடடா! பிரபுவுக்கு நல்லா எடுப்பா இருக்கும்."

பிரபுவுக்கு. போட்டிருப்பவர் கண்ணிலேயே படவில்லை.

டெய்லர் என்னிடம், "வேற அளவு ஏதும் அனுப்புனாங்களாம்மா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. நாளைக்கு லைனிங் வச்சு மூடிட்டா, அப்புறம் பிரிக்கிறது பெரும்பாடு."

"இல்லண்ணே. இதே அளவுதான்."

நாக்கு கூசவே இல்லை. கண்ணாடிக்குள்ளிருந்து இவர் என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றினார்.

கீரனூர் பஸ்ஸில் கேட்டேன். "ஒங்களுக்கு ஆசையா இல்லையா?"

"எதுக்கு?"

"கோட்டுக்கு."

"அத மாட்டிக்கிட்டு எங்க போறது, பாய்லர் பக்கத்துலயா?"

சிரிப்பு வேறு. அப்பா மேல் வந்ததைவிட இவர் மேல்தான் அதிகம் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் பால் வாங்கப் போனவர், திரும்ப வர அரை மணி நேரம்.

ஆடி 29, வெள்ளி

தூக்கமில்லை. பாப்பா தூங்கினாள், நான்தான் தூங்கவில்லை. கண்ணை மூடினால் மேடை. பிரபு வயிற்றை எக்கிக்கொண்டு பொத்தான் பூட்டப் பார்க்கிறார். வீடியோக்காரர் காத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நித்யாவின் முகம்.

எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் அந்த வேட்டியை மொட்டை மாடியில் விரித்து, காக்கை எச்சம் படாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காய வைத்தவள் நித்யா. சாம்பிராணிப் புகையும் போட்டாள். "வாசம் போயிருச்சுக்கா, மோந்து பாரேன்." போகவில்லை. போய்விட்டது என்று சொன்னேன்.

ஒன்பதரைக்கே டெய்லருக்குப் போன். "அண்ணே, லைனிங் வச்சுட்டீங்களா? அளவு மாறுது, நெஞ்சு..."

"நாப்பத்திரெண்டு. வயிறு நாப்பத்தொண்ணு. பிரிச்சுக்கிட்டுதாம்மா இருக்கேன். சார் நேத்து சாயந்திரமே கடை நம்பருக்குப் போன் பண்ணிட்டாரே. பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, அந்தக் கவலைல நீங்க மறந்துட்டீங்கன்னு சொன்னாரு."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். பால் பொங்கியது. துடைத்தேன்.

நாலு மணிக்கு வந்தார். சாப்பிட்டார். ரசத்தில் உப்பு கம்மி என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "பிரபு எனக்கும்தான் அளவு அனுப்பியிருந்தாரு." அவ்வளவுதான். எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து வைத்தேன்.

பாப்பாவைத் தூளியில் போட்டு ஆட்டினார். எனக்கு முதுகைக் காட்டியபடியே, "அந்தப் போட்டோ இருக்குல்ல?"

"எது?"

"கோட்டோட எடுத்தியே. எனக்கு ஒண்ணு அனுப்பி வையேன்."

அனுப்பினேன். கை வைக்காத இடது பக்கத்தை வெட்டிவிட்டு.